ஓடும் ஆற்றிலும் வீண்விரயம் உண்டு



வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்வதைத் திருமறை வன்மையாகத் தடுக்கின்றது. அவர்களுக்கும் நமக்கும் ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹுத்தஆலாவே. ஆகவே மக்கள் பெருகுவதைக் கண்டு நாம் கலங்குவதில்லை. ஆனால் அதே திருமறை, உண்ணவும் பருகவும் அனுமதித்த இடத்திலேயே வீண்விரயத்தைத் தடுத்திருக்கின்றது. முன்னதை நினைவில் வைத்திருக்கும் பலர் பின்னதை மறந்துவிடுகின்றனர்.

நம் மதுரையையே பார்ப்போம். 1901-ல் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த மக்கள்தொகை, 2011-ல் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வைகையும் கண்மாய்களுமே இவ்வூரின் உயிர். கண்மாய் நிறைந்தால்தான் சுற்றியுள்ள கிணறுகள் ஊறும். மக்கள் பெருகப் பெருகக் கண்மாய்களைப் பெரிதும் பேணியிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. தல்லாகுளம் கண்மாயில் கட்டடங்கள் எழுந்தன. உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில் 2004-ல் உயர்நீதிமன்றக் கிளையே அமைந்தது. வைகையில் வெள்ளம் வரும் நாட்கள் சில. சாக்கடை வரும் நாட்களோ பல.

நீர்த்துறையிலும் நடைபாதையிலும் நிழலிலும் மலங்கழிப்பது சாபத்தைத் தேடித்தரும் செயல் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். வீட்டுக் கழிவை ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் திருப்பிவிடுவது இதில் சேராதா? மலிவாகக் கிடைக்கிறதென்று வரத்துக்கால்வாயில் மனை வாங்குபவர், அண்டை வீட்டாரின் கிணற்றையல்லவா வற்றச் செய்கிறார்!

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் உளூச் செய்தார்கள். ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்தார்கள். முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. நான்கு முத்து ஒரு ஸாஉ. உளூவில் அதிக நீர் செலவிட்ட ஸஃது (ரலி) அவர்களிடம், ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் அது விரயமே என்று உணர்த்தினார்கள். ஆறே வறண்டு கிடக்கும் ஊரில், குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே உளூச் செய்வது எவ்வகையில் தகும்?

தாய்மார்களே! பிள்ளைகளுக்குக் குவளை நீரில் உளூச் செய்யப் பழக்குங்கள். முத்தவல்லிமார்களே! உளூச் செய்த நீர் சாக்கடைக்குப் போகாமல் பள்ளிவாசல் மரங்களுக்குப் பாயச் செய்யுங்கள். 2003-ல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. அன்று சட்டத்துக்கு அஞ்சிக் கட்டிய குழி மண்மூடிக் கிடந்தால், இன்று அல்லாஹ்வுக்கு அஞ்சித் தூர்வாருங்கள்.

ரிஸ்க் அவன் பொறுப்பு. அவன் தந்ததைப் பேணுவது நம் பொறுப்பு. இந்த அமானிதம் குறித்து நாளை மறுமையில் விசாரிக்கப்படுவோம். அதைப் பேணி நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.