ஒரு முழம் பூவும் வீண்செலவும்

புதிதாக மணமுடித்த இளைஞன் ஒருவன், வெள்ளிக்கிழமை இரவு மனைவிக்கென்று ஒரு முழம் மல்லிகையும் கால் கிலோ அல்வாவும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். திண்ணையில் இருக்கும் பெரியவர்கள் தமக்குள் சிரித்துக்கொள்வர். "மார்க்கத்தில் இஸ்ராஃப் கூடாதே தம்பி!" என்று உபதேசிக்கவும் ஒருவர் இருப்பார். அதே தம்பியின் திருமணத்தில் ஐந்நூறு பேருக்குப் பிரியாணி படைத்தபோது, மூன்றாம் முறையும் தாலிச்சா கேட்டு வாங்கி உண்டவராக அவர் இருக்கக்கூடும். அன்று அவர் நாவில் அந்தச் சொல் எழவில்லை.

இச்சிறு மகிழ்ச்சிகள் மார்க்கத்தின் தராசில் எந்தத் தட்டில் விழுகின்றன? இது சிரித்துத் தள்ளத்தக்க வினா அன்று. ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரு கூரையின் கீழ் வாழத் தொடங்கும் முதற்சில மாதங்களில்தான், பின்னர் முப்பது நாற்பது ஆண்டுகள் சுமை தாங்க வேண்டிய பந்தத்திற்கு அடித்தளம் இடப்படுகிறது.

வீண்செலவைக் குறிக்கத் திருமறையில் இரு சொற்கள் வருகின்றன. அனுமதிக்கப்பட்ட ஒன்றிலேயே அளவு கடத்தல் இஸ்ராஃப். விதையைக் கண்டபடி இறைத்தல் என்னும் வேரிலிருந்து பிறந்தது தப்தீர். உரிமையில்லாத இடத்தில் செலவழிப்பதே தப்தீர் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கமளித்துள்ளார்கள். ஆகவே, கேட்க வேண்டியது எவ்வளவு செலவு என்பது மட்டுமன்று. அந்த இடத்திற்கு அச்செலவில் உரிமை உண்டா என்பதும்தான். கைபரிலிருந்து திரும்பும் வழியில், அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்த அண்ணலார் அளித்த வலீமா, தோல் விரிப்பின் மீது பரப்பிய பேரீச்சம்பழமும் உலர்ந்த பாற்கட்டியும் நெய்யுமேயாகும். நாமோ வலீமாவிற்குக் கடன் வாங்குகிறோம். அக்கடனை அடைக்க மாப்பிள்ளை நாற்பதாம் நாள் விமானம் ஏறுகிறான். மணமகிழ்ச்சியை ஊருக்குக் காட்டிய செலவு, மணமக்களின் மகிழ்ச்சியையே விழுங்கிவிடுகிறது. தப்தீர் எங்கே நிகழ்ந்தது, பூக்கடையிலா, பந்தலிலா?

திருமறையின் 30ஆம் அத்தியாயம் 21ஆம் வசனம், துணையைப் படைத்ததன் நோக்கமாக அமைதி பெறுதலைக் கூறுகிறது. அங்கே ஆளப்பட்டுள்ள சொல்லின் வேர் 'ஸகன' என்பது. அசைவு அடங்குதல், குடியிருத்தல் என்பன அதன் பொருள்கள். வசிப்பிடத்திற்கு 'மஸ்கன்' என்ற பெயர் வந்ததும் இவ்வேரிலிருந்தே. மத்ரஸாவில் முதல் வகுப்பில் ஓதும் சிறுவனும் 'ஸுகூன்' என்னும் குறியை அறிவான். ஸுகூன் பெற்ற எழுத்து அறபுச் சொல்லுக்கு முதலாக வராது. அசைவுள்ள ஓர் எழுத்து முன்னே நின்றால்தான் அதனை ஒலிக்க முடியும். நம் தமிழிலும் புள்ளி பெற்ற மெய் மொழிக்கு முதலாவதில்லை அல்லவா? இல்லறத்தின் அமைதியும் இத்தகையதே என்பது என் கருத்து. நிக்காஹ் முடிந்தவுடன் அது தானே வந்து அமர்ந்துவிடாது. அதற்கு முன்னே ஓர் அசைவு வேண்டும்: ஒரு விசாரிப்பு, ஒரு கேலிப்பேச்சு, விருப்பமறிந்து செய்யும் ஒரு சிறு காரியம்.

மனிதனின் விளையாட்டுகளெல்லாம் வீணென்று கூறி, அவற்றிலிருந்து அண்ணலார் விலக்களித்தவை எவை? குதிரையைப் பழக்குதல், அம்பெய்தல், இவற்றோடு மனைவியுடன் விளையாடுதல். முதல் இரண்டும் போருக்குரிய பயிற்சிகள். அவற்றின் வரிசையில் மூன்றாவதையும் வைத்திருப்பதை நாம் ஓதிவிட்டு விரைந்து கடந்துவிடுகிறோம். பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் பெருமானார் ஓட்டப் பந்தயம் ஓடியது பலரும் அறிந்தது. முதல் முறை அன்னை வென்றார்; பின்னொரு முறை, அன்னைக்கு உடல் சற்றுப் பெருத்திருந்த காலத்தில், பெருமானார் வென்று, முன்னதற்கு இது ஈடாயிற்று என்றார்கள். ஓடுவதற்கு முன் உடன்வந்த மக்களை முன்னே போகுமாறு அவர்கள் அனுப்பிவிட்ட செய்தியும் அறிவிப்பில் உண்டு. கணவன் மனைவியின் ஒவ்வொரு சிரிப்பையும் கைப்பேசியில் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பும் இன்றைய பிள்ளைகள் இதை ஊன்றிப் பார்ப்பது நல்லது. பார்ப்பவர் வந்துவிட்டால் அதுவும் இன்னொரு பந்தலாகிவிடுகிறது.

பக்தி மிகுந்த வீடுகளில் வேறு வகைத் தவறு நேர்கிறது. அபுத் தர்தா (ரலி) அவர்களின் இல்லத்திற்கு ஸல்மான் (ரலி) அவர்கள் சென்றபோது, அவருடைய மனைவி தம்மைப் பேணாது பழைய உடையில் இருக்கக் கண்டார்கள். காரணம் வினவியபோது, உங்கள் சகோதரருக்கு உலகில் நாட்டமில்லை என்ற விடை வந்தது. பசி என்றோ பற்றாக்குறை என்றோ அந்த அம்மையார் முறையிடவில்லை. அழகுபடுத்திக்கொண்டால் காண்பதற்கு ஆள் இல்லை என்பதே அவர் குறை. ஸல்மான் (ரலி) அவர்கள் தோழரை நோன்பை விட்டு உண்ணவும், இரவில் சிறிது உறங்கவும் செய்து, இறைவனுக்கும் தன் ஆன்மாவுக்கும் குடும்பத்திற்கும் தனித்தனியே உரிமை உண்டு என்று எடுத்துரைத்தார்கள். அண்ணலாரும் ஸல்மானின் சொல்லை உண்மையென ஏற்றார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தம் 'இஹ்யா'வில் நிக்காஹின் பயன்களை எண்ணும்போது, மனத்திற்கு இளைப்பாறுதல் கிடைப்பதைத் தனியொரு பயனாகவே வைத்துள்ளார்கள். அதனால் வணக்கத்திற்கு உள்ளம் வலுப்பெறுகிறது என்பது அவர்கள் கருத்து.

இனி, கூட்டுக் குடும்பத்தில் மாமியாரின் மனம் என்னாவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. சுவையாக ஆணம் காய்ச்சும் பாரசீக அண்டைவீட்டார் ஒருவர் அண்ணலாரை விருந்துக்கு அழைத்தபோது, ஆயிஷாவுக்கும் அழைப்பு உண்டா என்று கேட்டு, அவர் இசையும்வரை இரு முறை மறுத்தார்கள். உடனிருப்பவரை விட்டுத் தான் மட்டும் இன்பம் துய்ப்பதை அவர்கள் விரும்பவில்லை. எனவே அல்வாப் பொட்டலத்தில் உம்மாவுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். ஆனால் பூவையும் பங்கிட்டே தீரவேண்டும் என்று கூறும் வீடுகளை நான் ஒப்பமாட்டேன். இருவருக்கென்றே உரிய சிறிதளவு, அவ்விருவரிடமே இருக்க வேண்டும்.

மறுபுறமும் ஒன்று சொல்ல வேண்டும். ஜாபிர் (ரலி) அவர்கள் கைம்பெண் ஒருவரை மணந்த செய்தி அறிந்து, ஒருவரோடொருவர் விளையாடி மகிழ ஓர் இளங்கன்னியை மணந்திருக்கலாமே என்று அண்ணலார் வினவினார்கள். உஹதில் ஷஹீதான தம் தந்தை விட்டுச்சென்ற ஒன்பது சகோதரிகளைப் பேணத்தக்க ஒருவரைத் தேடியதாக அவர் கூற, அதனைப் பாராட்டினார்கள். தங்கைகளுக்காகத் தன் மகிழ்ச்சியைச் சுருக்கிக்கொள்பவன் இழிந்தவன் அல்லன், உயர்ந்தவன். எனினும் பெருமானாரின் நாவில் முதலில் எழுந்த வினா எது என்பதை மறந்துவிடலாகாது.

வளைகுடாவிற்குச் சென்றுவிட்டவர்களின் நிலை தனி. ஒரு காலத்தில் மாதத்திற்கொரு கடிதமும் குரல் பதிந்த ஒலிநாடாவும் வந்தன. இன்று நாள்தோறும் முகம் பார்த்தே பேசுகிறார்கள். ஆயினும் அப்பேச்சு, பணம் வந்ததா, வாப்பாவுக்கு மருந்து வாங்கினாயா என்பதோடு முடிந்துவிடுகிறது. பூ வாங்கித் தர இயலாதவன் காது கொடுக்கலாமே! பதினொரு பெண்கள் கூடியமர்ந்து தத்தம் கணவரைப் பற்றிப் பேசிய நீண்ட கதையை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு முறை சொல்லத் தொடங்கினார்கள். ஒரு சமுதாயத்தையே வழிநடத்திய பெருமானார், பதினோராவது பெண்ணான உம்மு ஸர்உ வரை, இடைமறிக்காமல் செவிமடுத்தார்கள். கேட்டு முடித்து, அப்பெண்ணுக்கு அவளுடைய கணவன் அபூஸர்உ இருந்தது போலவே உனக்கு நான் இருக்கிறேன் என்று கதைக்குள்ளேயே தம்மை நிறுத்தி விடையளித்தார்கள்.