ஆறாவது கோழி

பழைய கோழிக்கூடு ஒன்றைச் செப்பனிடுவதில் அற ஆராய்ச்சிக்கு என்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சுத்தியலும் ஆணியும் போதும் என்று தொடங்கிய வேலை, கடைசியில் ஓர் இரவுத் தூக்கத்தையே கெடுத்துவிட்டது.

நாமக்கல்லுக்கு அருகே ஒரு சிற்றூரில் எங்கள் வீடு. புழக்கடையில், கிணற்றடியை ஒட்டி, மண்சுவரும் நாட்டு ஓடுமாக ஒரு கோழிக்கூடு. பாட்டி காலத்தில் கட்டியது. சட்டங்களைக் கறையான் அரித்திருந்தது. கதவின் கீழ்ப்பலகை உளுத்துப்போய், நான்கு விரற்கடை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கீரிப்பிள்ளை என்னைப்போல் வேலையை ஒத்திப்போடுகிற பிராணி அன்று. ஒரே இரவில் மூன்று கோழிகள் போயின.

காலையில் வீட்டார் எல்லாரும் கீரியைத் திட்டினோம். என் மகள் மட்டும் திட்டவில்லை. "போன நோம்பிக்கு நாமும் ஒன்றை அறுத்தோமே அப்பா, கீரிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள்.

குழந்தைகளின் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறவர்கள் பாக்கியசாலிகள். எனக்கு அரை நாள் ஆயிற்று.

வீட்டுக்கோழிக்கு முதன்மையான மூதாதை தென்கிழக்காசியக் காடுகளில் திரிந்த செங்காட்டுக்கோழி. அது இரவில் மரக்கிளையில் ஏறி உறங்கும். தன் இனம் பெருகத் தேவையான அளவுக்குச் சில முட்டைகளே இடும். மனிதன் அதைப் பழக்கினான். உடம்பைப் பெருக்க வைத்தான். ஆண்டெல்லாம் முட்டையிட வைத்தான். அதன் கிளையை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு கூட்டைக் கொடுத்தான். அப்படியானால் கூடு என்பது நாம் கோழிக்குச் செய்யும் தருமம் அன்று, பட்ட கடன். கீரிக்கும் கோழிக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இல்லை. எனக்கும் கோழிக்கும் உண்டு. கீரி பசிக்குக் கொன்றது. நான் வாக்குத் தவறினேன். குற்றம் யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு நண்பர் வேறு வழி சொன்னார். "இதற்கு ஏன் இத்தனை பாடு? நம் பக்கத்துப் பண்ணைகளில் இருப்பதுபோல் கம்பிக் கூண்டு ஒன்று வாங்கி வையுங்கள். கீரியும் வராது, பருந்தும் வராது."

உண்மைதான், வராது. ஆனால் கோழி சிறகையும் விரிக்க முடியாது. 1964-இல் ரூத் ஹாரிசன் என்ற ஆங்கில மாது 'அனிமல் மெஷின்ஸ்' என்ற நூலில் இத்தகைய வளர்ப்பின் கொடுமைகளை எழுதினார். அது கிளப்பிய பரபரப்பில் பிரிட்டிஷ் அரசாங்கம் பிரம்பெல் என்பவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடம்பைக் கோதிக்கொள்ள, உறுப்புகளை நீட்ட விலங்குக்கு இடம் வேண்டும் என்று அக்குழு 1965-இல் சொல்லிற்று. எவ்வளவு சிறிய வேண்டுகோள்! ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் சட்டம் செய்து, 2012 முதல்தான் வெறுங் கம்பிக் கூண்டுகளைத் தடுத்தது. சாவிலிருந்து காப்பது மட்டும் காவல் ஆகிவிடாது. சிறைக்காவலனும் அதைத்தான் செய்கிறான். பகலெல்லாம் மண்ணைக் கிளறித் திரிய வெளியும், இருட்டியதும் அச்சமின்றி அடைய ஓர் இடமும் ஆகிய இரண்டையும் கொடுப்பதுதான் வளர்ப்பு.

இப்படியெல்லாம் எண்ணி, என்னையே மெச்சிக்கொண்டு, ஆசாரியை வரவழைத்தேன்.

அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை, மேலே காற்றோட்டம், உள்ளே சுண்ணாம்புப் பூச்சு என்று எல்லாம் பேசி முடிந்தது. கோழிகள் ஏறி உறங்கக் கட்டை வைக்கவேண்டும். ஒன்றுக்கு எட்டு அங்குலம்.

"எத்தனை கோழிக்குங்க இடம் போடறது?" என்றார் ஆசாரி.

மீந்திருந்தவை ஆறு. அவற்றில் ஒன்று கிழடு. முட்டையிடுவதை நிறுத்தி இரண்டு வருஷம். நாற்பது அங்குலக் கட்டை ஒன்று வீட்டிலேயே கிடந்தது. "ஐந்துக்குப் போடுங்கள். முட்டை விடாத கிழத்துக்கு எதற்கு இடம்?" என்றேன்.

திண்ணையில் அத்தை புளி தட்டிக்கொண்டிருந்தார். என் தந்தையின் தமக்கை. இளவயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர், எங்களை வளர்த்தவர். இன்று வயது எண்பத்தொன்று, கண் மங்கிவிட்டது. அவர் கையிலிருந்த கட்டை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தட்டத் தொடங்கிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் அன்றிரவு நான் தூங்கியிருப்பேன்.

கோழியும் அத்தையும் ஒன்றாகிவிடுமா? ஆகாது. இரண்டையும் ஒரு தட்டில் வைப்பது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு. கோழியைக் கறிக்கு அறுக்கிறவன் நான். அதைப்பற்றி என் மகளுக்கு இன்னும் சரியான விடை சொல்லவில்லை. கிழட்டுக் கோழிக்குத் தீனி போட வசதியில்லாத ஏழைக் குடியானவனை நான் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் எனக்கு வசதி இல்லையா? குறைந்தது எட்டு அங்குல மரம். உயிர்கள் வேறு வேறாக இருக்கலாம். நான் எடுத்த அளவுகோல் ஒன்றுதான். 'இனி இதனால் என்ன பயன்?' என்ற கோலைக் கோழிக்கு மட்டும் நீட்டிவிட்டு மடக்கி வைத்துவிடுவேன் என்பதற்கு என்ன உறுதி? கை அதற்குப் பழகிவிடும். ஒரு நாள் அதே கோல் என் முதுமையையும் அளக்கும்.

மறுநாள் ஆசாரியிடம் நாற்பத்தெட்டு அங்குலத்தில் புதுக் கட்டை போடச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

வேலை முடிந்த அன்று மாலை விளக்கு வைக்கும் நேரம். திண்ணையிலிருந்து அத்தையின் குரல் கேட்டது: "கோழியெல்லாம் அடஞ்சிருச்சா கண்ணு?"

"ஆறும் அடைந்துவிட்டன, அத்தை."

"எண்ணிப் பாத்தியா?"

விளக்கை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் எண்ணினேன். கட்டையின் ஓரத்தில் கிழட்டுக் கோழி, தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து தாழைப் போட்டேன்.