மறைபொருளின் விலை

குடும்பத்தில் மறைக்கப்படும் உண்மைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. தன்னைக் காக்க மறைப்பது ஒன்று. பிறரைக் காக்க மறைப்பது மற்றொன்று. எவ்வாறாயினும், அம்மறைப்பின் விலையைச் செலுத்துபவர் யார் என்னும் வினாவே அறநோக்கில் முதன்மையானது. பழிக்கு அஞ்சி மறைத்தவள் குந்தி. சுமையைத் தாங்கியவன் கர்ணன் அன்றோ?

செலஸ்ட் இங் 2017இல் வெளியிட்ட 'லிட்டில் ஃபயர்ஸ் எவ்ரிவேர்' என்னும் நாவல் இவ்வினாவை அமெரிக்க மண்ணில் எழுப்புகிறது. களம், 1990களில் ஒஹாயோ மாநிலத்தின் ஷேக்கர் ஹைட்ஸ் என்னும் வசதி மிக்க நகர். வறுமை வாட்ட, பெபி சௌ என்னும் சீனப் பெண் தன் கைக்குழந்தையைத் தீயணைப்பு நிலையத்தில் விட்டுச் செல்கிறாள். வெள்ளையர் இணையர் ஒருவர் அக்குழந்தையை வளர்க்கின்றனர்; மே லிங், மிராபெல் ஆகிறாள். பின்னர்ப் பெற்றவள் வழக்காடுகிறாள். தீர்ப்போ வளர்த்தவர் பக்கம் சாய்கிறது.

வளர்த்தவரின் அன்பு பொய்யன்று. யசோதையைப் போற்றும் நாம் அதனை மறுத்தல் இயலாது. ஆயினும், ஏழைத் தாயின் இடர்ப்பாட்டையே அவளது தகுதியின்மைக்குச் சான்றாகக் கொள்ளலாமா? செல்வமே தாய்மையின் அளவுகோல் எனில், ஏழைப் பெண்டிர் அனைவரும் குறையுடைய தாயர் என்றாகிவிடும். மேலும், சீன முகங்கொண்ட பொம்மை ஒன்றேனும் குழந்தைக்கு உண்டா என்னும் பொருள்பட நீதிமன்றத்தில் வினா எழுகிறது. அன்பு மட்டும் போதாது, குழந்தையின் வேரையும் மதித்தல் வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

இதே நாவலில், செல்வர் மகள் லெக்ஸி கருக்கலைப்பு நிலையத்தில் தன் பெயருக்கு மாறாக, ஏழைத் தோழி பேர்லின் பெயரைக் கொடுக்கிறாள். அப்பெயரைக் கண்டறிந்த லெக்ஸியின் தாய், தன் வாடகை வீட்டிலிருந்து பேர்லையும் அவள் அன்னை மியாவையும் வெளியேற்றுகிறாள். செல்வர் வீட்டு இரகசியத்திற்கு ஏழை வீடு விலை கொடுக்கிறது. மியாவும் குற்றமற்றவள் அல்லள். வேறோர் இணையருக்காகக் கருவைச் சுமந்தவள், அது அழிந்ததென்று பொய்யுரைத்துப் பேர்லைத் தன் மகளாகவே வளர்த்தவள் அவள். அப்பொய்யின் விலை, குழந்தைக்காக ஏங்கிய அவ்விணையர்மீதும், தன் பிறப்பை அறியாது வளர்ந்த மகள்மீதும் விழுந்தது.

மலேசியாவிலும் சீனக் குழந்தைகளை எடுத்து வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஆதலின் இவ்வினா நமக்குப் புறம்பானதன்று. பிறப்பின் உண்மை குழந்தையின் உடைமை. பெரியோர் அதனைச் சிறிது காலம் பாதுகாக்கலாம், பறித்துக்கொள்ளலாகாது. எளியோர்மீது விலையைச் சுமத்தும் மௌனத்தை அன்பென்று அழைத்தல் தகுமோ?