ஆற்றங்கரைப் பூங்காவும் பொதுமை அறமும்

'என்னுடையது' என்று சொல்லும்போதே மாந்தன் உள்ளத்தில் பொறுப்புத் தோன்றிவிடுகிறது. தன் வீட்டு முற்றத்தைப் பெருக்க எவரும் ஆணையிட வேண்டுவதில்லை. 'பிறருடையது' என்னும்போது அச்சமோ நாகரிகமோ அவன் கையைத் தடுக்கிறது. ஆனால், 'பொது' என்னும் சொல்லைக் கேட்ட அளவில் பொறுப்பு, அச்சம் இரண்டுமே பலரிடமிருந்து நீங்கிவிடுகின்றன. எல்லார்க்கும் உரியதை எவர்க்கும் உரியதன்று எனக் கொள்ளும் இம்மனப்பான்மை முறையாகுமா? இவ்வினாவை ஆராய்வதற்கு ஆற்றங்கரைப் பூங்காவினும் ஏற்ற களம் அரிது.

பேரா ஆறு கடலை நோக்கிச் செல்லும் வழியில் பெரிதும் வளைந்தோடும் இடத்தில் அமைந்த ஊர் தெலுக் இந்தான். 1982ஆம் ஆண்டு வரை தெலுக் அன்சன் என வழங்கிய இவ்வூரின் அடையாளமாக நிற்பது சாய்ந்த கோபுரம். 1885ஆம் ஆண்டில் லியோங் சூன் சோங் என்னும் கட்டட ஒப்பந்தக்காரர் எழுப்பிய இக்கோபுரம், வெளியிலிருந்து நோக்குவார்க்கு எட்டு அடுக்குகளாகத் தோன்றும். உள்ளே இருப்பவை மூன்றே. ஆற்றோரத்து இளகிய மண் நீர்த்தொட்டியின் சுமையைத் தாங்காமையால் கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காண வருவோர் அதன் சாய்வைக் கண்டு வியக்கின்றனர். அது கட்டப்பெற்ற நோக்கமோ அதனினும் வியப்புக்குரியது. ஊரார்க்கு வேண்டும் நீரைச் சேமித்து வைப்பதும், மணிகாட்டி நேரம் அறிவிப்பதுமே அதன் பணிகளாக இருந்தன. ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் பேரறிவாளனின் செல்வத்திற்கு நீர் நிறைந்த ஊருணியை உவமையாக்கினார். ஒருவன் செல்வத்தை அளக்கும் கோலாகவே பொதுநீரை அவர் கண்டார் எனலாம். அவ்வகையில் சாய்ந்த கோபுரமும் தெலுக் இந்தானின் ஊருணியே.

இவ்வூருக்கு வரும் ஆற்றுநீரின் ஒரு பகுதி ஈப்போவிலிருந்து வருகிறது. ஈப்போ நகரை ஊடறுத்துப் பாயும் கிந்தா ஆறு, தெலுக் இந்தானை அடையுமுன்னரே பேரா ஆற்றுடன் கலந்துவிடுகிறது. அக்கிந்தா ஆற்றின் அருகே சுல்தான் அப்துல் அசீஸ் பூங்கா உள்ளது. மக்கள் இதனைப் போலோ திடல் என்றே அழைப்பர். நடைபாதை, சிறுவர் விளையாட்டிடம், நிழல் மரங்கள், சப்பானியர் முறையில் அமைந்த தோட்டம் ஆகியவை அங்கு உள. காலையில் முதியோர் நடை பயில்கின்றனர். மாலையில் குழந்தைகளோடு குடும்பங்கள் வருகின்றன. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்னும் வேறுபாடு ஊஞ்சலுக்குத் தெரியாது. நுழைவதற்குப் பொருளும் வேண்டா, பதவியும் வேண்டா.

இத்தகைய வெளியின் அருமையைத் தமிழர் தம் வரலாற்றைக் கொண்டே உணரலாம். காவிரி கடலொடு கலக்கும் புகாரில் சோலைகள் பல இருந்தன. அவற்றுள் இலவந்திகைச் சோலை அரசனுக்கும் அவனைச் சார்ந்தோர்க்கும் உரியது. மணிமேகலை மலர் கொய்யச் செல்லும் வேளையில், எச்சோலைக்குச் செல்லுதல் தகும் என்று ஆராய்ந்தே உவவனத்தைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் திடல்கள் இருந்தன. பந்து விளையாட்டும், திருவிழாவும், நாடகமும் நடந்த இடங்கள் அவை. ஆயினும், அத்திடல்கள் தோட்ட நிருவாகத்திற்கே உரியவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் கைமாறியபோதும் குடியிருப்புகளோடு திடல்களும் போயின. தலைமுறை தலைமுறையாக ஓடி ஆடிய மண்ணின்மீது ஒரு சொல் சொல்லும் உரிமையும் தொழிலாளர்க்கு இல்லை. அங்கிருந்து நகரை நாடி அடுக்குமாடி வீட்டில் குடியேறிய குடும்பத்திற்குப் பூங்கா வெறும் பொழுதுபோக்கிடம் மட்டுமன்று. பிறர்க்கு நிகரான உரிமையோடு அக்குடும்பம் கால் வைக்கும் திறந்தவெளி அதுவே. செல்வர்க்குச் சொந்தத் தோட்டம் உண்டு. வறியார்க்குப் பொதுத் தோட்டமே உண்டு. எனவே, பூங்காவின் ஊஞ்சலை ஒடிப்பவன் அரசாங்கத்தின் பொருளை ஒடிக்கவில்லை. வேறு ஊஞ்சல் இல்லாத குழந்தையின் பொருளையே ஒடிக்கிறான்.

'வரி செலுத்துகிறோம், துப்புரவுத் தொழிலாளர்க்குச் சம்பளம் தரப்படுகிறது, தூய்மை பேணுவது நகராண்மைக் கழகத்தின் கடமையன்றோ?' என்று சிலர் வினவுவர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. குப்பைத் தொட்டி வைக்காமல் தூய்மையைப் போதிப்பதும், கழிப்பறையைப் பூட்டிவைத்து ஒழுக்கம் எதிர்பார்ப்பதும் நேர்மையாகா. ஆயினும், சம்பளம் உழைப்பிற்கு விலையாகுமேயன்றிப் பிறரை இழிவுபடுத்தும் உரிமைக்கு விலையாகாது. பலர் மனமறிந்து செய்த அழுக்கை ஒருவர் குனிந்து அள்ளும்போது அங்கே அள்ளப்படுவது குப்பை மட்டுமன்று. அவருடைய மானமும் அதனோடு மிதிபடுகிறது.

பொதுச்சொத்து அழிந்தே தீரும் என வாதிட்டோரும் உளர். 1968ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் காரட் ஆர்டின், பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தம் நலம் கருதி மாடுகளைப் பெருக்கினால் நிலமே பாழாகும் என எழுதினார். எலினோர் ஆசுட்ரம் அம்மையாரோ சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்களையும் பிலிப்பீன்சின் பாசன முறைகளையும் ஆராய்ந்து, மக்கள் தாமே விதி வகுத்துப் பொதுவளத்தை நெடுங்காலம் காத்தமையைக் காட்டினார். 2009ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதற்பெண்மணி அவரே. தமிழகத்தில் ஏரியையும் வாய்க்காலையும் ஊரார் கூடிச் செப்பனிட்ட குடிமராமத்தும் இதற்குச் சான்று பகரும். மலேசியத் தமிழர்க்கு அண்மைச் சான்றும் உண்டு. துன் வீ. தி. சம்பந்தனார் முயற்சியால் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணம், தோட்டங்களையே வாங்கும் வலிமை பெற்றது. 'பொது' என்பதை 'நம்முடையது' என்று கொண்டோர் செய்து காட்டிய செயல் இது.

ஆற்றங்கரைப் பூங்கா இன்னும் ஒருபடி மேலான பாடத்தையும் புகட்டுகிறது. ஏனைய இடங்களில் எறிந்த குப்பை எறிந்தவன் கண்முன்னே கிடந்து அவனை நாணச் செய்யும். ஆறோ அதனை உடனே மறைத்துவிடுகிறது. ஈப்போவில் கரையோரம் எறியப்படும் நெகிழிப்பை மழைநீரோடு ஆற்றில் இறங்கி, கீழுள்ள ஊர்களை நோக்கிச் செல்கிறது. எறிந்தவன் தெலுக் இந்தான் மீனவரைப் பார்த்ததில்லை. வலையில் சிக்கிய பையைக் கிழித்தெறியும் மீனவர்க்கும் எறிந்தவன் இன்னான் என்று தெரியாது. தெலுக் இந்தானிலிருந்து விழும் குப்பைக்கும் அடுத்த ஊரும் கடலும் உண்டு. கண்டவர்க்கு அஞ்சி நன்று செய்வது ஒழுக்கத்தின் தொடக்கம். காணாதவர்க்காகவும் தன் கையைக் கட்டுப்படுத்திக்கொள்வதே அறத்தின் முதிர்ச்சி.

இவ்வறத்தை அறிவிப்புப் பலகையும் தண்டமும் மட்டும் வளர்த்துவிட இயலா. பலகை இல்லாத இடத்தில் அவற்றின் ஆற்றல் முடிந்துவிடும். பள்ளியில் மாணவன் தான் அமர்ந்த பலகையை அடுத்த வகுப்பு மாணவனுக்காகத் துடைத்து வைக்கப் பழகினால், அவனுக்குப் பூங்காவில் காவலர் வேண்டா. தமக்குப்பின் அங்கே அமரப்போகும் முகமறியாத ஒருவரை உறவாக எண்ணத் தெரிந்த மக்களுக்கே 'பொது' என்னும் சொல் முழுப்பொருள் தரும்.