ஆர்மாமலையும் நம் பிள்ளைகளும்

ஆம்பூர்ப் பகுதியில் மலையாம்பட்டு அருகே ஆர்மாமலைக் குகை உள்ளது. சமணத் துறவியர் தங்கிய இக்குகையில் எட்டாம் நூற்றாண்டு ஓவியங்கள் சிதைந்தும் எஞ்சியுள்ளன. நம் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல நாம் தயங்குவது ஏன்? வேற்றுச் சமயம் என்ற அச்சம் மட்டுமன்று. கொல்லாமையே சமணத்தின் முதல் நோன்பு என்றதும், "தோல் ஷாப்பில் வேலை செய்யும் எங்கள் அப்பா பாவியா?" என்று பிள்ளை கேட்கும். நம் வீடுகளில் அடுப்பு எரிவது தோலால் அல்லவா!

'நல்லொழுக்கம் போதித்த மதம்' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அது சமணம் ஆகாது. பிற சமயங்களிலுள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. அவ்வுண்மை நம்மை உறுத்தும்போதும் செவிகொடுக்க வேண்டாமா?

ஆகவே பிள்ளைக்கு உள்ளபடியே சொல்வோம். சமணர்க்கு எறும்பும் நோவறியும் உயிர். புழுக்கள் மடிவதால் உழவுகூட அவர்களுக்கு உறுத்தலே. நம் மறைநூலையும் திறந்து காட்டுவோம்: யூதர் இழிவாகக் கருதிய தொழிலைச் செய்தவர் யோப்பா நகரத்துச் சீமோன், அந்தத் தோல் பதனிடுபவர் வீட்டில்தான் பேதுரு பல நாள் தங்கினார்.

இரண்டையும் கேட்ட பிள்ளை, அடுத்துப் பாலாற்றைப் பற்றிக் கேட்கக்கூடும். தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996-இல் தீர்ப்புப் பெற்ற ஆறு அது.