பேரும் பெயர்தலும்: றக்வான தோட்டங்களில் ஓர் அறக்கேள்வி

திருக்குறளில் ‘ஒப்புரவறிதல்’ என்னும் 22 ஆம் அதிகாரமும் ‘ஈகை’ என்னும் 23 ஆம் அதிகாரமும் அடுத்தடுத்து நின்றாலும் இரண்டும் ஒன்றல்ல. ஈகை என்பது இல்லாதவருக்கு இரங்கிக் கொடுப்பது, ஒப்புரவோ உடன்வாழ்வோருக்குச் செய்தே ஆகவேண்டிய கடப்பாடு. இரத்தினபுரி மாவட்டத்து றக்வான பகுதித் தோட்டங்களில் தொழிலாளருக்குக் கிடைக்கும் நலன்கள் இவ்விரண்டில் எதன்பாற்பட்டவை என்ற கேள்வி, அவர்களில் ஒருவர் தோட்டத்தை விட்டு வெளியேற நினைக்கும்போதுதான் கூர்மையடைகிறது.

தோட்ட வழக்கில் ‘பேர்’ என்பது செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்தோரின் நாட்பதிவேட்டில், பதியப்படும் ஒருநாள் உழைப்பைக் குறிக்கும். வேலை குறைந்தால் ‘அரைப்பேர்’தான் விழும். லயம் எனப்படும் வரிசைவீட்டுக் காம்பராவும் (குடியிருப்பறையும்), தாய்மார் கொழுந்தெடுக்கும்போது குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராவும் இந்தப் பேரைப் பற்றியே நிற்பதால், மகன் கொழும்புக் கடைக்கும் மகள் வளைகுடா நாட்டு வீட்டுவேலைக்கும் போன பின்னரும், குடியிருப்பு கைநழுவாதிருக்கக் குடும்பத்தில் ஒருவர் மலையிலேயே பேர் போட்டுவர நேர்கிறது. நலன் அந்த ஒருவரை மண்ணோடு கட்டுகிறது. கட்டுண்டவரின் கூலி போதாமையோ மற்றவர்களை வெளியே அனுப்புகிறது.

1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதி இதற்கு மாறானது. தொழிலாளி 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்தும் அந்தப் பணம் ஆளின் கணக்கில் சேர்வதால், அவர் எங்கே பெயர்ந்தாலும் அது அவருடையதே. இலங்கையும் இந்தியாவும் 1964 ஆம் ஆண்டில் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் (உழைத்துப் பெற்ற உரிமைக்கும் ‘கொடை’ என்றே பெயர் வாய்த்தது வருந்தத்தக்கது) கொண்டுசெல்ல இடமிருந்தது. தலைமுறைகளாகப் பிறந்து வளர்ந்த காம்பராவோ அவர்களுடையதென்று ஒருபோதும் எழுதப்படாததால், அதற்கு ஈடாகக் கொண்டுபோக எதுவும் இருக்கவில்லை.

பெண்களைப் பொறுத்தவரை, வெளியேற நினைக்கும்போது எழும் இந்தக் கேள்வி இன்னும் கடுமையானது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுவேலைக்காக வெளிநாடு செல்வதைத் தடுத்த குடும்பப் பின்னணி அறிக்கை விதி 2013 இல் வந்து, 2022 இல் தளர்த்தப்பட்டது. பிள்ளையின் நலம் பெரிதென்பதில் ஐயமில்லை; ஆயினும், தாய் தோட்டத்துக்காகக் கொழுந்தெடுக்கையில் அவள் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் ஏற்றுக்கொள்வது முறையென்று கண்ட சமூகம், அதே தாய் தன் குடும்பத்துக்காகக் கடல் கடக்க எண்ணியபோது, பிள்ளையைப் பார்ப்பது யார் என்று அவளை மட்டுமே கேட்டது; தகப்பனைக் கேட்கவில்லை.