துன்பமா வளர்த்தது?

இளமைத் துன்பமே மனிதரை உயர்த்துகிறது என்று மேடைதோறும் கூறக் கேட்கிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு உரைக்கும் நீதிகளுள் இதுவும் ஒன்றாகிவிட்டது. இஃது உண்மைதானா?

நடன நடிகை ஹெலன் அவர்களின் வாழ்வை நோக்குவோம். 1958இல் வெளிவந்த 'உத்தம புத்திரன்' படத்தில் அவர் ஆடியதைக் கண்டவர் நம்மில் பலர். அவர் 1938இல் இரங்கூனில் பிறந்தவர். உலகப் போரில் வளர்ப்புத் தந்தை மாண்டார். சப்பானியர் பிடியிலிருந்த பர்மாவை விட்டு 1943இல் கருவுற்றிருந்த தாயுடனும் சகோதரனுடனும் ஒரு கூட்டத்தோடு அசாம் நோக்கி நடந்தபோது, அவர் ஐந்து வயதளவே ஆன சிறுமி. முந்தைய ஆண்டில் அவ்வாறு நடந்து வந்த இலட்சக்கணக்கான இந்தியருள் தமிழரும் பலர். புகழ் பெறாமையால் அவர்களுள் பெரும்பாலோர் கதையை எவரும் கேட்டெழுதவில்லை.

திப்ரூகரை அடைந்தபோது கூட்டத்தில் பாதிப்பேரே எஞ்சினர். நோயுற்றோர் வழியிலேயே விடப்பட்டனர். தாயின் கரு கலைந்தது. எலும்பும் தோலுமாய் இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தனர். பின்னர்க் கல்கத்தாவில் சகோதரன் பெரியம்மையால் இறந்தான்.

அதே வழி, அதே பட்டினி. துன்பம் வளர்க்குமெனில் அச்சிறுவனை ஏன் வளர்க்கவில்லை? அஃது அவன் வினை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். வினைக் கோட்பாடு நம்மை நாமே ஆராய்வதற்கு உரியது. பிறர் குழந்தையின் பசிக்குக் காரணம் கூறி அகல்வதற்கு அன்று. நாம் நோன்பிருப்பது விரும்பி. பாரணை எந்நாள் என்பதும் நமக்குத் தெரியும். அச்சிறுமிக்குத் தெரியாது.

அவரைக் காத்தது எது? 1964இல் 'பிலிம்பேர்' இதழுக்கு அவரே கூறியிருக்கிறார். வழிநெடுக ஊர் மக்கள் ஈந்து காத்தனர். எதிர்ப்பட்ட ஆங்கிலேயப் படைவீரர் உணவளித்து, புண்பட்ட கால்களுக்கு மருந்திட்டு, ஊர்தியில் ஏற்றி, தங்க இடமும் தேடித் தந்தனர். கொல்லும் தொழிலுக்கென வந்தவர்கள்! உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என நாம் போற்றும் நான்கு தானங்களுள் மூன்று அங்கே நிகழ்ந்துவிட்டன.

நான்காவதுதான் கிட்டவில்லை. பம்பாயில் செவிலியாயிருந்த தாயின் ஊதியம் போதாமையால் பள்ளியை விட்டார். நடிகை குக்கூவின் உதவியால், 1951இல் வந்த 'ஆவாரா' போன்ற படங்களில் குழுவோடு ஆடினார். ஆசிரியையாயிருந்த எனக்கு மனம் இங்கேதான் நின்றுவிடுகிறது. 2009இல் அவர் பெற்ற பத்மஸ்ரீ விருதைக் காட்டியும் அதனைத் தேற்ற இயலவில்லை. அன்று யாரேனும் அவர் படிப்புச் செலவை ஏற்றிருந்தால் ஒரு சிறந்த நடிகையை இழந்திருப்போமே என்பர் சிலர். இழந்திருந்தால் என்ன?